சாமான் வரும் பாதை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், பிறம்ரனில் நிகழ்த்திய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் அவர்கள் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, இந்தமுறை நீங்கள்தான் பேசவேணும். 'சர்வதேச வழங்கற் சங்கிலி' எண்டு தலைப்பும் போட்டிட்டன்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பேராசிரியர் அல்ல. இந்த பிறம்ரனிலே வெயாஹவுசில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறவன். முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு போர்க்லிப்ற் ஓட்டினேன். இப்போது கொன்ரெயினர் வருகிற, போகிற கணக்கைப் பார்க்கிறேன். "தம்பி, நான் படிச்ச ஆள் இல்லை" என்றேன். "அதுதான் அண்ணை வேணும். புத்தகத்தில இருக்கிறதை நாங்கள் வாசிக்கலாம்தானே" என்றார். பிறகு எப்படி மறுக்கிறது?

பெரிய தலைப்பாக இருந்தாலும் விஷயம் சின்னது. ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து அதைப் பாவிக்கிற கை வரைக்கும் வருகிற பாதைதான் வழங்கற் சங்கிலி. அந்தப் பாதையில் மூன்று ஓடுகின்றன. சாமான் இந்தப் பக்கம் வருகிறது. காசு அந்தப் பக்கம் போகிறது. செய்தி இரண்டு பக்கமும் போய்வருகிறது. இந்த மூன்றில் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் கனநாள் ஓடாது. இதைத்தான் இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுத்துப் படிப்பிக்கிறார்கள். எங்கட சனம் அதைச் சம்பளமும் இல்லாமல், பட்டமும் இல்லாமல் படித்தவர்கள்.

நாங்கள் படித்த பள்ளிக்கூடம்

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட, கொம்படி ஊரியான் வெட்டையாலும், பிறகு கிளாலிக் கடலாலும் சனமும் சாமானும் இரவிரவாக வந்துபோனது. இங்கே இருக்கிற பலர் அந்தத் தண்ணீரில் நனைந்தவர்கள்தான்.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு துளி பெற்றோல். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். கிளாலியைத் தாண்டி வந்த ஒரு பற்றரிக்குக் கேட்ட விலையை இன்றைக்குச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வவுனியாவிலும் அதே பற்றரிதான். பொருள் மாறவில்லை, பாதைதான் மாறியது. ஒரு பொருளின் விலையில் பெரிய பங்கு அது வருகிற பாதையில்தான் இருக்கிறது. இதுதான் நான் படித்த முதற் பாடம்.

என் அப்பா உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது எங்கட மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. அந்தக் காசில் கல்வீடு கட்டினவர்கள் உண்டு. 1977க்குப் பிறகு கதவு திறந்து வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மலிவாக வர, தோட்டக்காரன் கை சுட்டது. எங்கேயோ ஒரு மேசையில் யாரோ போட்ட கையெழுத்து உரும்பிராயில் ஒரு வீட்டுச் சமையலை மாற்றியது. அது இரண்டாவது பாடம். சங்கிலியின் ஒரு முனையில் இருக்கிறவனுக்கு மற்ற முனையில் நடக்கிறது கடைசியாகத்தான் தெரியும்.

மூன்றாவது பாடத்தைச் சொல்ல எனக்குக் கஷ்டம். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் நான் இங்கே ஏறி நின்றதில் அர்த்தமில்லை.

அப்பாவுக்கு நீரிழிவு. இன்சுலின் மருந்தை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்திருக்க வேணும். எங்களுக்குக் கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை. அம்மா பெரிய மண்பானைக்குள் ஈரமணலைப் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மருந்துப் போத்தலை ஈரத்துணியால் சுற்றி வைப்பா. காலமையும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பா. போத்தலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பா. 1993 மாரியில் வரவேண்டிய மருந்து பதினொரு நாள் பிந்தியது. பதினோராம் நாள் மருந்து வந்தது. அப்பா ஒன்பதாம் நாளே போய்விட்டார்.

இந்த மேடையில் நின்று யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. பாதை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இன்றைக்கும் வேலையிடத்தில், "இரண்டு நாள் பிந்தினால் என்ன, சாமான்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பானைதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

ஒரு பெட்டியின் பயணம்

இனி இங்கே வருவோம். உங்கட சமையலறையில் இருக்கிற சிவப்பரிசி மாப் பைக்கற்றை எடுத்துப் பாருங்கோ. அது எப்படி வந்தது?

கொழும்பில் அது ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஏறுகிறது. இருபது அடி அல்லது நாற்பது அடி. இந்தப் பெட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. முந்திக் கப்பலில் மூட்டை மூட்டையாகத்தான் ஏற்றினார்கள். ஒரு கப்பலை ஏற்றி இறக்க நாட்கணக்காகும். மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறிக்காரர், "லொறியில இருக்கிற பெட்டியையே தூக்கிக் கப்பலில வைத்தால் என்ன?" என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கில் இருந்து ஹியூஸ்ரனுக்குப் போனது. கையால் ஏற்றினபோது ரன்னுக்கு 5 டொலர் 86 சதம் செலவு. பெட்டியாக ஏற்றினபோது 16 சதம். உலகத்தை மாற்றியது அந்த வித்தியாசம்தான். பெரிய கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை, ஒரு வெறும் பெட்டி.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற பெட்டிகளில் பெரும்பங்கு இலங்கைக்கு உரியவை அல்ல. ஒரு கப்பலில் வந்து இன்னொரு கப்பலில் மாறிப் போகிறவை. வவுனியாவில் பஸ் மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. அங்கிருந்து எங்கட பெட்டி கனடாவுக்கு இரண்டு பக்கத்தால் வரலாம். ஒன்று, சுயஸ் கால்வாய் தாண்டி அத்திலாந்திக் சமுத்திரத்தால் ஹலிபக்ஸ் அல்லது மொன்றியல். மற்றது, சிங்கப்பூர்ப் பக்கத்தால் பசுபிக்கைக் கடந்து வன்கூவர் அல்லது பிறின்ஸ் றூபேட். வன்கூவரில் இறங்கினால் அதற்குப் பிறகும் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் றெயின் ஓட்டம் இருக்கிறது.

அந்த றெயின் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? எங்கட பிறம்ரனில். சீ.என். றெயில் கொம்பனியின் பெரிய கொன்ரெயினர் முற்றம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் பியர்சன் விமான நிலையம். சுற்றிவர 401, 407, 410, 427 என்று நெடுஞ்சாலைகள். அதனால்தான் இத்தனை வெயாஹவுஸ் இங்கே. எங்கட சனத்திலும் பஞ்சாபிச் சனத்திலும் இத்தனைபேர் லொறி ஓட்டுவதும் போர்க்லிப்ற் ஓட்டுவதும் அதனால்தான். "பிறம்ரனில என்ன இருக்கு?" என்று ஆராவது கேட்டால், "நீ இண்டைக்குப் போட்டிருக்கிற சப்பாத்து எங்கட ஊருக்கால வந்திருக்கலாம்" என்று சொல்லுங்கோ.

கடலோடுவதும் எங்களுக்குப் புதிசில்லை. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் பாய் விரித்து வந்தது. பிள்ளைகள் இதை மறக்கக்கூடாது.

சாமானுக்கு முன் கடதாசி

இங்கே சிலபேர் சின்னதாக வியாபாரம் செய்கிறீர்கள். இன்னும் சிலர் செய்ய யோசிக்கிறீர்கள். ஆகவே நானும் என் மச்சானும் பட்ட கதையைச் சொல்கிறேன். எங்கட பிழை உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

2019 கடைசியில் இரண்டு பேரும் சேமிப்பைப் போட்டு ஒரு இருபது அடிப் பெட்டி எடுத்தோம். சிவப்பரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி. 2020 சித்திரை வருஷத்துக்குக் கடைகளுக்குக் கொடுப்பது திட்டம். ஊரில் அனுப்புகிறவர் 'சீ.ஐ.எவ். ஹலிபக்ஸ்' என்று விலை தந்தார். மச்சான், "காப்புறுதியும் கப்பற் கூலியும் அவர் கட்டுறார், எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை" என்றான். நானும் தலையாட்டினேன்.

சீ.ஐ.எவ். என்பதன் பொருள் இதுதான். பெயர் சொன்ன துறைமுகம் வரைக்கும் கூலியையும் காப்புறுதியையும் விற்கிறவர் கட்டுவார். ஆனால் பெட்டி கொழும்பில் கப்பலில் ஏறின நிமிஷமே நட்டத்தின் பாரம் வாங்குகிறவர் தலையில். எவ்.ஓ.பி. என்றால் கூலியும் எங்கட பொறுப்பு. சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் முதன்முதலாக வெளியிட்ட விதிகள் இவை. காலத்துக்குக் காலம் திருத்துகிறார்கள். மூன்று எழுத்துத்தானே என்று நினையாதையுங்கோ. அந்த மூன்று எழுத்துக்குள் உங்கட வீடு இருக்கிறது.

பெட்டி 2020 பெப்ரவரி இரண்டாம் கிழமை ஹலிபக்ஸ் வந்தது. அதே கிழமை றெயின் நின்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெற்சுவெத்தன் மக்களின் நிலத்துக்குள்ளால் எரிவாயுக் குழாய் போடுவதை எதிர்த்து, அவர்களுக்கு ஆதரவாகப் பெல்வில் நகருக்குப் பக்கத்தில் மோகாக் மக்கள் தண்டவாளத்தை மறித்திருந்தார்கள். பெப்ரவரி 13இல் சீ.என். தன் கிழக்குப் பக்க ஓட்டத்தை நிறுத்தியது. மச்சான் கோவித்துக்கொண்டு திரிந்தான். நான் சொன்னேன், "மச்சான், காணி போன சனம் றோட்டை மறிக்கிறது. எங்களுக்கு அது விளங்காட்டி ஆருக்கு விளங்கும்?" ஆனால் பெட்டி அங்கே நின்ற ஒவ்வொரு நாளுக்கும் எங்களுக்குக் கூலி ஏறியது. ஹலிபக்சுக்குப் பிறகு எல்லாம் எங்கட தலையில் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைசியாகப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் பைக்கற்றுகளில் ஆங்கிலம் இருக்கிறது, பிரெஞ்சு இல்லை. கனடாவில் கடையில் விற்கிற உணவுப் பைக்கற்றில் இரண்டு மொழியும் வேணும். எங்கட வீட்டு நிலவறையில் மனிசி, பிள்ளைகள், மச்சான் வீட்டார் எல்லோரும் இருந்து நாலு இரவு ஸ்ரிக்கர் ஒட்டினோம். இன்றைக்கும் என் மகள் பிரெஞ்சில் 'அரிசி மா' என்று எழுதப் பிழைவிடமாட்டாள்.

ஆகவே வியாபாரம் தொடங்க முன்னம் இவற்றைப் பாருங்கோ. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சுங்க இலக்கம் இருக்கிறது. 1988இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொது முறை அது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, கனடா இறக்குமதிக்குப் பத்து இலக்கம் கேட்கும். இலக்கம் பிழைத்தால் வரியும் பிழைக்கும். உணவு கொண்டுவர உணவுப் பரிசோதனைத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எடுங்கோ. 2019 ஜனவரி 15இல் வந்த விதிகள் அதைக் கட்டாயமாக்கின. பலகைத் தட்டில் அடுக்கி அனுப்பினால், பலகை சூடுகாட்டிப் பதப்படுத்தியதென்று கதிர் போட்ட முத்திரை பதித்திருக்க வேணும். அது இல்லாவிட்டால் சாமானைத் திருப்பி அனுப்பச் சொல்லுவார்கள். 2024 ஒக்ரோபர் 21இலிருந்து சுங்கக் கணக்கு புது முறைக்கு மாறியது. புரோக்கர் இருந்தாலும் இறக்குமதி செய்கிறவர் தன் பெயரிலேயே பதியவேணும். சாமானை முதலில் எடுத்து வரியைப் பிறகு கட்டுகிற வசதி வேணுமென்றால் பிணையும் தானே வைக்கவேணும். "எல்லாம் புரோக்கர் பார்ப்பார்" என்று விடாதையுங்கோ. கையெழுத்து உங்களுடையது.

சவுக்கின் நுனி

கதை அதோடு முடியவில்லை. எங்கட பெட்டி பிந்தி வந்தது மார்ச் மாதம். அதே மாதம் கொறோனா வந்தது. சனம் மாவுக்கும் அரிசிக்கும் கடைகளில் வரிசையில் நின்றது. பிந்தின சாமான் ஒரு கிழமையில் முடிந்தது. கையில் காசு. மச்சான் சொன்னான், "மூண்டு பெட்டி எடுப்பம்." நான் மறிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாலு எடுப்பமோ என்றும் யோசித்தேன்.

எங்களைப் போலவே எல்லோரும் எடுத்தார்கள். உலகம் முழுக்கப் பெட்டிக்குத் தட்டுப்பாடு. ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு நாற்பது அடிப் பெட்டிக் கூலி 2021இல் பத்தாயிரம் அமெரிக்க டொலரையும் தாண்டியது. எங்கட மூன்று பெட்டியும் பல மடங்கு கூலியோடு, மாதக்கணக்காகப் பிந்தி வந்து சேர்ந்தபோது கடைகளில் மா நிறைந்து கிடந்தது. விலை விழுந்தது. திகதி முடிகிறதுக்கு முன்னம் ஒரு பங்கை உணவு வங்கிக்குக் கொடுத்தோம். மிச்சத்தைப் போட்ட காசுக்குக் குறைவாக விற்றோம். மச்சானும் நானும் ஆறு மாதம் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதென்று பிறகுதான் அறிந்தேன். 'சவுக்கு விளைவு' என்கிறார்கள். சவுக்கின் பிடியைக் கொஞ்சம் ஆட்டினால் நுனி பெரிதாக வீசும். கடையில் வாரம் பத்து மூட்டை போகிறது. ஒரு வாரம் பதினைந்து போனால், கடைக்காரர் பயத்தில் இருபத்தைந்து கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து ஐம்பது கேட்கிறார். இறக்குமதிக்காரர் நூறு. ஊரில் மில்காரர் புது மெசினே வாங்கிவிடுகிறார். சாப்பிடுகிற வாய் என்னவோ அதே வாய்தான். ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோ லீயும் கூட்டாளிகளும் 1997இல் இதை எழுதினபோது குழந்தைகளின் டயப்பரையும் உதாரணம் காட்டினார்கள். பிள்ளைகள் நாளாந்தம் ஒரே அளவுதான் பாவிக்கிறார்கள், ஆனால் கொம்பனிக்கு வருகிற ஓடர் மலையும் மடுவுமாக இருந்தது.

மருந்து என்ன? சாமான் ஓடுகிற பாதையில் செய்தியும் ஒழுங்காக ஓடவேணும். கடைக்காரர் என்ன கேட்கிறார் என்று மட்டும் பார்க்கக்கூடாது, கடையில் உண்மையில் எத்தனை பைக்கற் விற்றது என்று கேட்கவேணும். நாங்கள் அதை ஒரு கடையிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ரெலிபோன் கோலோடு மூன்று பெட்டி மிஞ்சியிருக்கும்.

அறுந்த கண்ணிகள்

ரொயோற்றாக் கொம்பனி உலகத்துக்கு ஒரு முறையைப் பழக்கியது. தேவையான சாமான் தேவையான நேரத்தில் மட்டும் வரவேணும், அடுக்கி வைக்கிறது வீண்செலவு. நல்ல முறைதான், பாதை திறந்திருக்கும் வரைக்கும். 2021இல் இதே பிறம்ரனில் இருக்கிற கார்த் தொழிற்சாலை கிழமைக்கணக்காக நின்றது. இரும்பு இருந்தது, ரயர் இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். நகத்தளவான ஒரு சிப் இல்லை. அங்கே வேலை செய்த எங்கட ஆட்கள் சம்பளக் காசில் அதை அறிந்தார்கள்.

அதே 2021 மார்ச் 23இல் 400 மீற்றர் நீளமான 'எவர் கிவின்' கப்பல் சுயஸ் கால்வாயில் குறுக்கே இறுகியது. ஆறு நாள், 29ஆம் திகதி வரை. நானூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன. நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெருமழை வந்து வன்கூவருக்குப் போகிற இரண்டு றெயில் பாதைகளையும் அறுத்தது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்களுக்கு அடி விழ, பல கொம்பனிகள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கிட்டத்தட்டப் பத்து நாள் கூட ஓடின. 2024 ஓகஸ்ற் 22இல் கனடாவின் இரண்டு பெரிய றெயில் கொம்பனிகளும் ஒரே நாளில் தொழிலாளரை வெளியே விட்டுக் கதவடைத்தன.

இன்னொன்று. 2024 மார்ச் 26 இரவு 'டாலி' என்ற கப்பல் அமெரிக்காவில் பால்ரிமோர்ப் பாலத்தில் மோதிப் பாலமே விழுந்தது. அந்தக் கப்பல் எங்கே போக வெளிக்கிட்டது தெரியுமா? கொழும்புக்கு. பாலத்தில் நின்று இரவு வேலையாக றோட்டுத் திருத்திய ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். வேறு நாடுகளில் இருந்து பிழைக்க வந்த சனம், எங்களைப் போல.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. எங்கட அம்மாமார் செய்ததைத்தான் இன்றைக்குப் பெரிய கொம்பனிகள் திரும்பப் படிக்கின்றன என்று சொல்லவந்தேன். பனங்கிழங்கு மலிந்த காலத்தில் ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்துப் பானையில் கட்டி வைத்தார்கள். அது கையிருப்பு. கொம்படி மூடினால் கிளாலி என்று போனோம். அது இரண்டாவது பாதை. யார் நம்பிக்கையான ஓட்டி என்று விசாரித்துத்தான் வள்ளத்தில் ஏறினோம். அது நம்பிக்கை. கையிருப்பு, இரண்டாவது பாதை, நம்பிக்கையான ஆள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கடைசியில் இந்த மூன்றும்தான் இருக்கும். மூன்றுக்கும் செலவு உண்டு. நல்ல காலத்தில் அது வீண்செலவு மாதிரித்தான் தெரியும்.

பாதையில் நிற்கிற மனிசர்

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சங்கிலி என்று சொல்லும்போது இரும்பைத்தான் நினைக்கிறோம். ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஆள். கட்டுநாயக்காவில் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிற பிள்ளை, கப்பலில் மாதக்கணக்காக வீடு பார்க்காத மாலுமி, இரவு இரண்டு மணிக்குப் பிறம்ரனில் பெட்டி இறக்குகிற தம்பி. விலை மலிவாக இருக்கிறதென்றால் இவர்களில் யாரோ ஒருவர் அந்த மிச்சத்தைக் கட்டுகிறார். 2024 ஜனவரி 1இலிருந்து கனடாவில் ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய கொம்பனிகள் தங்கட சாமான் வருகிற பாதையில் கட்டாய வேலையும் சிறுவர் வேலையும் இல்லாமல் என்ன செய்தார்கள் என்று வருஷாவருஷம் அறிக்கை கொடுக்கவேணும். அறிக்கை மட்டும் போதாது, ஆனால் அதுவும் ஒரு தொடக்கம்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்சி மூலம் வெயாஹவுசுக்குப் போகிறவர்கள், அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கோ. ஒன்ராறியோவில் 2024 ஜூலை 1இலிருந்து அது கட்டாயம். காசைக் கையில் தருகிறோம், கடதாசி வேண்டாம் என்று சொன்னால் அந்த இடத்துக்குப் போகாதையுங்கோ. ஆபத்தான வேலையை மறுக்க இந்த மாகாணத்தில் சட்டப்படி உரிமை இருக்கிறது. இருபது வயதில் முதுகை உடைத்துக்கொண்டு, நாற்பது வயதில் என்னட்டை வந்து அழாதையுங்கோ. நான் அழுது முடித்தவன்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. 2022 இலையுதிர் காலத்தில், இத்தனை வசதியான இந்த நாட்டிலேயே பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து கடைகளில் இல்லாமற் போனது. உங்களில் பலர் மிசிசாகாவுக்கும் ஸ்காபரோவுக்கும் மருந்து தேடி ஓடினீர்கள். நாளாந்தம் எடுக்கிற மருந்தை முடிகிற அன்றைக்கு வாங்கப் போகாதையுங்கோ. ஒரு கிழமைக்கு முன்னமே எடுத்து வையுங்கோ. அளவுக்கு மிஞ்சி அடுக்கவும் வேண்டாம். நீங்கள் அடுக்கிறது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மருந்து.

நேரம் போய்விட்டது, செயலாளர் மணியைப் பார்க்கிறார். மச்சானும் நானும் இப்போது கதைக்கிறோம். கடந்த வருஷப்பிறப்புக்கு அவன் என் வீட்டுக்கு வந்து கைவிசேடம் தந்தான். பழைய ஐந்து டொலர்த் தாள், ஒரு வெற்றிலைக்குள் வைத்து. "இது எங்கட நாலாவது பெட்டிக்கு" என்றான். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. முதலில் கடைகளில் விசாரிக்கிறேன்.

அம்மா 2011இல் ஊரில் காலமானா. அந்த மண்பானையை அக்கா இன்னும் வைத்திருக்கிறா, இப்போது அதில் குடிதண்ணீர். நான் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் அந்த றெயில் முற்றத்தைக் கடந்துதான் போகிறேன். பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று வெளியில் தெரியாது. ஆருடைய வீட்டிலோ, ஆரோ ஒருவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். நீங்களும் உங்கட வேலையில், அது எந்தக் கண்ணியாக இருந்தாலும், அந்த நினைப்போடு செய்யுங்கோ. ஒன்பதாம் நாளுக்கு முன்னம் சாமான் போய்ச் சேரட்டும்.

 வடை ஆறுகிறது, பிள்ளைகளை முதலில் விடுங்கோ.